கஜா, உன் படகின் விரிசலை அடைத்த நாள்

என் கூடப் பிறந்த தங்கமே, கஜேந்திரா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. இத்தனை நாளும் மனசுக்குள்ளே உன்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். அடுப்பு மூட்டினாலும் பேச்சு, தண்ணீர் இறைத்தாலும் பேச்சு. கார்த்திகை மாச மழையில் நடந்த ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்ல வாய் எழவில்லை. பேச்சு அந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

போன வாரம் என் வீட்டுக்காரர், உன் மாமா, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்தபோது கொஞ்சம் தாளும் ஒரு பேனாவும் கொண்டுவந்தார். சாயப்பட்டறை வேலையில் அவர் விரல் பட்ட இடமெல்லாம் தாளில் ஊதா ஊதாவாக இருக்கிறது. வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுதித் தொலை, இப்படியே இருந்தால் நீயும் போய்விடுவாய் என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் எழுதுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும். மறைக்க இனி எனக்கு ஒன்றும் இல்லை.

படகிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நீ அதைக் கொண்டுவந்த அன்று ஊரே ஏரிக்கரையில் நின்றது. மெட்ராஸில் ஏதோ ஒரு கம்பெனி கடலுக்கென்று செய்து பார்த்த சின்னப் படகு. இந்தப் பிளாஸ்டிக் பொம்மையை நம்பி அலையில் இறங்க மாட்டோம் என்று கடல்காரர்கள் ஒதுக்கிவிட்டார்களாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நீ அதைக் கேட்டு வாங்கி, லாரி மேலே கட்டி, வாலாஜாபாத் வழியாக ஊருக்கே கொண்டுவந்துவிட்டாய். லாரி ட்யூபில் மிதந்துகொண்டு மீன் பிடித்த ஏரி அது. அதில் வெள்ளை வெளேரென்று ஒரு படகு. நீயும் பூங்காவனமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி வந்தீர்கள். அவ்வளவு லேசு.

பூங்காவனம். அந்தப் பேரை எழுதும்போது கை தயங்குகிறது. உன் வயசுக்காரன், அடுத்த தெருக்காரன், உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். படகு உன்னுடையது, வலை அவனுடையது. இரண்டு பேரும் ஏரியின் நடு ஆழத்துக்குப் போய் வலை போட்டால், கரையோரத்தில் நிற்பவர்கள் கண்ணால் பார்த்திராத கெண்டையெல்லாம் வரும்.

அந்த வருஷமே மதகுக் கல்லில் மோதிப் படகின் அடியில் ஒரு விரிசல் விட்டது. நீ அதைக் கவிழ்த்துப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தபோது நான் ஊருக்கு வந்திருந்தேன். பிளாஸ்டிக்குக்கு உள்ளே துணி இருக்கிறதே என்று நான் வியந்தேன். கண்ணாடியை நூலாக இழுத்து நெய்த துணி என்று நீ சொன்னாய். நான் நம்பவில்லை. "பாருக்கா, வெரிசலோட ரெண்டு முனையிலயும் மொதல்ல ஓட்ட போட்டுடணும். இல்லன்னா அது ஓடிக்கினே இருக்கும்" என்றாய். குத்தூசியால் முனைகளைக் குடைந்தாய். உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்துச் சொரசொரப்பாக்கினாய். அந்தத் துணியை வைத்து டின்னிலிருந்த ரெசின் என்கிற பசையைக் கலக்கிப் பூசினாய். நாற்றம் தாங்காமல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம் ஒரு வேடிக்கைதான். அந்த வேடிக்கையை வைத்து ஒரு உயிரைக் காப்பாற்ற வேண்டிவரும் என்று யாருக்குத் தெரியும்?

பங்குனியில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதைப் பற்றி உனக்கு என்ன சொல்ல? நீ போகும்போது உன் பெண்டாட்டி தேசம்மா தலைக்கு ஊற்றாமல் இரண்டு மாசம் ஆகியிருந்தது. அது உனக்குத் தெரியுமா என்று அவள் என்னிடம் எத்தனை தரம் கேட்டிருப்பாள். கடைசி இரண்டு நாள் உனக்கு நினைவே இல்லை. உன் காதில் சொன்னதாக அவள் சொல்வாள். கேட்டதா கஜா?

காரியம் முடிந்ததும் அவளை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றுவிட்டாள். ஒரு மாசம் கழித்துப் போய்ப் பார்க்கிறேன், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உன் படகில் நடு ஏரியில் நிற்கிறாள். கரையில் ஆண்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அவளோ கரைக்கு வந்து கூடையை இறக்கிவிட்டு, "அவரு சொல்லிக் குடுத்துட்டுதான் போனாரு அண்ணி. படகு சும்மா கெடந்தா அவரு செத்த மாதிரி இருக்குது" என்றாள்.

பூங்காவனம் அதற்கு முன்னாலேயே வந்து படகைக் கேட்டிருக்கிறான். நான் ஓட்டுகிறேன், பங்கு தருகிறேன் என்றானாம். நானே வலை வாங்கிப் போகிறேன் என்று அவள் சொல்லி அனுப்பிவிட்டாள். இதை அவள் எனக்குச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

ஆடி மாசத்தில் ஒரு நாள் காலையில் படகின் அடியில் மூன்று இடத்தில் விரிசல். தண்ணீர் வற்றிய கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகு. வெயிலில் வெடித்துவிட்டது என்று தேசம்மா நினைத்தாள். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். வயிறும் பெரிதாகிவிட்டதால் அவள் அதை மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். பிள்ளை பிறக்கட்டும், பிறகு அடைத்துக்கொள்ளலாம் என்றாள்.

பிரசவத்துக்கு ஒத்தாசையாக இருக்க நான் கார்த்திகை தொடக்கத்தில் ஊருக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. டிரான்சிஸ்டரில் புயல் என்று சொன்னார்கள். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகக் கொட்ட ஆரம்பித்தது. நம் ஊருக்கு வெளியே போக இரண்டே வழி என்பது உனக்குத் தெரியும். கலங்கல் பக்கத்துத் தரைப்பாலத்தில் ஆள் உயரத்துக்கு வெள்ளம். மற்ற வழி ஏரிக்கரை மேலே நடப்பது. அதுவும் நடுவில் சரிந்துவிட, ஊர் ஆண்கள் எல்லோரும் மணல் மூட்டை போட்டு அதை நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தார்கள். கரை போனால் ஊரே போய்விடும்.

அந்த நாளில் விடிந்ததும் தேசம்மாவுக்கு வலி எடுத்தது. நாள் இன்னும் இருந்தது, இது சூட்டு வலி என்றுதான் முதலில் நினைத்தேன். மருத்துவச்சி முனியம்மா நனைந்துகொண்டே வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனாள். அவள் முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

"கை மொதல்ல வந்துட்ச்சிமா. என்னால ஆவாது. எப்டியாவது காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுக்கினு போ" என்றாள்.

எப்படிப் போவது? தரைப்பாலம் இல்லை. கரை இல்லை. மிச்சம் இருந்தது ஏரிதான். குறுக்கே போனால் அக்கரையில் மேட்டு நிலம், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வாலாஜாபாத் ரோடு. வலியில் துடிக்கும் பெண்ணை லாரி ட்யூபிலா ஏற்றுவது? நான் கொட்டகைக்கு ஓடினேன். வைக்கோலைத் தள்ளிவிட்டுப் படகைப் பார்த்தேன். ஒரு முழ நீளத்துக்கு ஒரு விரிசல், அதற்கு இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு. விரலை வைத்து அழுத்தினால் உள்ளே வாங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

உன் பெட்டியைத் திறந்தேன். ரெசின் டின் இருந்தது. மூடியை நெம்பிப் பார்த்தால் உள்ளே கல்லாகக் கெட்டித்துப் போயிருக்கிறது. அரிவாள் முனையால் குத்தினேன், சில்லுகூடப் பெயரவில்லை. அந்த நேரத்தில் உன் மேலேகூட எனக்கு ஆத்திரம் வந்தது கஜா. இதை மட்டும் சரியாக மூடி வைத்துவிட்டுச் செத்திருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டுத் திட்டினேன்.

என் கூக்குரல் கேட்டுக் கரையிலிருந்து ஒரே ஒருவன்தான் வந்தான். பூங்காவனம். மேலெல்லாம் சேறு. விஷயத்தைச் சொன்னேன். அவன் படகைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குங்கிலியம் இருந்தால் காய்ச்சிப் பூசலாம், பழைய தோணிக்கெல்லாம் அப்படித்தான் பூசுவார்கள் என்றான். அம்மன் கோயில் பூசாரி வீட்டுக்கு ஓடி, தூபத்துக்கு வைத்திருந்ததையெல்லாம் பாத்திரத்தோடு தூக்கி வந்தான். விளக்கெண்ணெய் வீட்டில் இருந்தது. முனியம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். நான் நீ செய்ததை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டு செய்தேன்.

முனைகளில் ஓட்டை. குத்தூசி கிடைக்கவில்லை. கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தினேன். சுற்றிலும் செங்கல் துண்டால் தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. உள்ளே அந்தக் கண்ணாடி நூல் பிரிபிரியாகத் தெரிந்தது, அதன் முள் கையில் ஏறியது. அத்தனையும் ஈரம். ஈரத்தின் மேல் பூசினால் பிடிக்காது என்று இரும்புச் சட்டியில் தணல் போட்டுக் கீழே வைத்தோம். பதட்டத்தில் சட்டியைக் கிட்டத்தில் தள்ளிவிட்டேன். பிளாஸ்டிக் பழுப்பாகி, கருகி, புகை கிளம்பியது. பூங்காவனம் வெறுங்கையால் சட்டியை இழுத்துப் போட்டான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் படகே எரிந்திருக்கும்.

உள்ளே தேசம்மா கத்துவது நின்று நின்று கேட்டது. கத்தும்போது பயமாக இருந்தது. நிற்கும்போது அதைவிடப் பயமாக இருந்தது.

விரிசல் மேல் ஒட்டத் துணி வேண்டும். கெட்டியான துணி. நான் உள்ளே போய்த் துழாவிக்கொண்டிருந்தேன். அவள் பாயில் படுத்தபடியே பார்த்தாள். என்ன தேடுகிறேன் என்று கேட்கவில்லை. "பொட்டியில அடியில அவரு வேட்டி இருக்குது. கல்யாணத்துக்குக் கட்டினது. அதக் கிழிங்க" என்றாள். எனக்குக் கிழிக்க மனசு வரவில்லை. பூங்காவனம்தான் வாங்கிக் கிழித்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டே கிழித்தான். சிநேகிதன் வேட்டி, எப்படிப் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

துணியைக் குங்கிலியக் குழம்பில் தோய்த்து, ஆவி பறக்க, உள்ளும் புறமும் மடிப்பு மடிப்பாக ஒட்டினோம். கரண்டியைச் சூடாக்கி மேலே தேய்த்து அழுத்தினோம். ஆறி இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே கஜா, அதைப் பகைவனுக்கும் கொடுக்கக் கூடாது. விசிறியை எடுத்துப் படகுக்கு விசிறினேன். கொட்டுகிற மழையில், குளிர்காற்றில், ஒரு பைத்தியக்காரி படகுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிகாலையில் தொடங்கிய வலி. நாங்கள் படகைத் தண்ணீரில் இறக்கும்போது உச்சிவேளை கடந்துவிட்டது.

வைக்கோலைப் பரப்பி, மேலே பாயைப் போட்டு அவளைப் படுக்க வைத்தோம். கோணியைப் போர்த்தினேன். பூங்காவனம் முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டான். நான் அவள் தலைமாட்டில், கையில் ஒரு சொம்போடு. ஏரி ஏரியாகவே இல்லை. காற்றுக்கு அலை எழும்பி விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. நான் முகந்து முகந்து ஊற்றினேன்.

பாதி தூரம் வந்திருப்போம். வேட்டித் துணி ஒட்டிய பெரிய விரிசல் பிடித்து நின்றது. அதற்கு ஒரு சாண் தள்ளி, நாங்கள் கவனிக்காமல் விட்ட ஓர் இடத்தில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. குனிந்து பார்த்தேன். நடுவில் ஒரு குழி. அதிலிருந்து நாலா பக்கமும் மெல்லிய கோடுகள் ஓடியிருந்தன. கண்ணாடியில் கல் பட்டால் எப்படி விடுமோ அப்படி. கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயிலுக்கு வெடித்தால் இப்படிக் குழி விழாது.

இது வெயிலில் விட்ட விரிசல் இல்லை, யாரோ அடித்திருக்கிறார்கள் என்று நான் பொதுவாகத்தான் சொன்னேன். அவனிடம் கேட்கக்கூட இல்லை.

துடுப்பு நின்றது.

"நான்தான்க்கா" என்றான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "கடப்பாரையால போட்டேன். அவன் இருந்தவரிக்கும் நான் அவனுக்கு ஜோடி. அவன் போனப்பறம் இவங்க தனியா எறங்கி என்னவிட ஜாஸ்தி மீன் கொண்டாந்தாங்க. கரையில எல்லாம் என்னப் பாத்து சிரிச்சாங்க. ஒரு நா ஆத்திரத்துல போட்டுட்டேன்."

நடு ஏரி. சுற்றிலும் தண்ணீர். என் விரலுக்கு அடியில் அவன் உடைத்த ஓட்டை. அவன் கையில் துடுப்பு. என்னால் என்ன செய்திருக்க முடியும், சொல்? அவன் முதுகில் அந்தச் சொம்பால் அடிக்கத்தான் கை எழுந்தது. விரலை எடுத்தால் தண்ணீர் வரும். அப்படியே உட்கார்ந்திருந்தேன். பல்லைக் கடித்ததில் வாயில் ரத்தம் கரித்தது.

தேசம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தாள். கேட்டிருக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"அத அப்பறம் பேசிக்கலாம். நீ துடுப்பப் போடு பூங்காவனம்."

அவன் போட்டான். அப்படி ஒருவன் துடுப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. போடும்போதே கேவிக் கேவி அழுதான். படகில் கணுக்கால் அளவு தண்ணீரோடு அக்கரையில் போய் மோதினோம். மேட்டு நிலத்துக்காரர்கள் கட்டிலைக் கொண்டுவந்தார்கள். ரோட்டில் நெல் மூட்டை லாரி ஒன்று நின்று எங்களை ஏற்றிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனதும் கதவைச் சாத்திவிட்டார்கள். சுவரில் வரைந்திருந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. யாரோ போய்ச் சொல்லி உன் மாமா பட்டறையிலிருந்து கையெல்லாம் சாயத்தோடு ஓடி வந்தார். குழந்தை சத்தம் கேட்டது, கஜா. உன் குழந்தை சத்தம். பூனைக்குட்டி மாதிரி, ஆனால் சத்தம்.

டாக்டரம்மா வெளியே வந்து, குழந்தை பிழைத்துவிடும் என்றார். அம்மாவுக்கு ரத்தம் ரொம்பப் போய்விட்டது, ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார். போகிறபோது என் தோளில் கை வைத்து, "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா" என்றார். மேலே சொல்லவில்லை. அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பாதி வாக்கியம் இன்றைக்கும் என் காதில் முடியாமலே கிடக்கிறது.

அவளுக்கு நினைவு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். என்ன குழந்தை என்று உதட்டால் கேட்டாள். பெண் என்றேன். "அவரும் எப்பவும் பொண்ணுதான் வேணும்பாரு" என்றாள். கன்னத்தில் குழந்தையை வைத்தேன். அதன் தலையை மோந்து பார்த்தாள். படகு என்ன ஆயிற்று என்று கேட்டாள். இருக்கிறது, கரையில் இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினாள். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

பேசிக்கலாம் என்றாளே, அது இனி எப்போது? அவனை மன்னித்திருப்பாளா, செருப்பால் அடித்திருப்பாளா? எனக்குத் தெரியாது. உன்னிடம் வந்து சேர்ந்தாளா? வந்திருந்தால் நீ கேள். நீங்கள் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவு சொன்னால்தான் எனக்கு வழி தெரியும்.

குழந்தை என் கையில். பசும்பால் கொடுத்தால் கக்குகிறது. சர்க்கரைத் தண்ணீர் கடைவாயில் வழிகிறது. நான் பெற்றிருந்தாலாவது மார்பில் ஏதாவது இருக்கும். எனக்கு அதுவும் இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் மாமா பாளையத்தில் தெருத் தெருவாகப் போய்ப் பால் கொடுக்கிற பெண் யாராவது வருவாளா என்று கேட்டார். ஒருத்தி இரண்டு தரம் வந்தாள், அவள் வீட்டில் தடுத்துவிட்டார்கள். அழுகை நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டே வந்தது. அழுதால் பரவாயில்லை, கஜா. அழாமல் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படித் தாங்குவது?

அப்போதுதான் பூங்காவனத்தின் பெண்டாட்டி அலமேலு எங்கள் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் அவள் கைக்குழந்தை. அவன் தெருமுனையிலேயே நின்றுவிட்டான். நான் கதவை மறித்துக்கொண்டு, உன் புருஷன் என்ன செய்தான் என்று தெரியுமா என்று கத்தினேன். தறிச் சத்தமெல்லாம் நின்று தெருவே எட்டிப் பார்த்தது.

"தெரியும்க்கா. வந்து எங்கிட்ட சொல்லிட்டாரு. அவரு பண்ணதுக்காவ நான் வரல. கொழந்த பசியா இருக்குதுன்னாங்க, வந்தேன்" என்றாள்.

போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உள்ளே குழந்தை விக்கியது. நான் ஒதுங்கினேன். அவள் சுவரோரம் உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள். குழந்தைக்கு முதலில் பிடிக்கத் தெரியவில்லை. பிறகு பிடித்துக்கொண்டாள். உன் மகள் முதன்முதலாக வயிறு நிறையக் குடித்தது அந்தப் பால்தான். நான் அடுக்களையில் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷமா, அவமானமா, தெரியவில்லை.

அவள் எத்தனை நாள் எங்கள் வீட்டில் இருக்க முடியும்? அவளுக்கு மாமியார் இருக்கிறாள், மாடு இருக்கிறது. அதனால் நான் இங்கே வந்துவிட்டேன். ஆமாம் கஜா. இதை எழுதிக்கொண்டிருப்பது பூங்காவனத்தின் வீட்டில். மூன்று மாசமாக அவன் கூரைக்குக் கீழேதான் படுத்து எழுந்திருக்கிறேன். அவன் கொண்டுவரும் அரிசியைத் தொட மாட்டேன், எனக்குத் தனியாகப் பொங்கிக்கொள்கிறேன். அவன் வந்தால் நான் கொல்லைக்குப் போய்விடுவேன். உன் மாமா வாரா வாரம் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

தேசம்மாவின் காரியத்தன்று ஊர் கூடியிருந்தபோது அவனே எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். அடித்தார்கள். தடுக்காமல் நின்று வாங்கிக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நெஞ்சு ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. அடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்குப் போக வீடு அவன் வீடுதான்.

படகை அக்கரையிலிருந்து கொண்டுவந்துவிட்டான். உன் வேட்டித் துணி பாதி பெயர்ந்து தொங்குகிறது. மெட்ராஸ் போய்ப் புது ரெசினும் கண்ணாடித் துணியும் வாங்கிவந்து வைத்திருக்கிறான். அடைக்கட்டுமா என்று அலமேலுவை விட்டுக் கேட்டான். ஒரு நாள் அதைக் கொளுத்து என்று சொல்லத் தோன்றுகிறது. இன்னொரு நாள், அது இல்லாவிட்டால் இந்தக் குழந்தையும் இல்லையே என்று தோன்றுகிறது. அந்த டின் பிரிக்காமலே இருக்கிறது. நானும் அப்படியே இருக்கிறேன்.

இன்று காலையில் ஒன்று நடந்தது. அதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. தூளியில் கிடந்த உன் மகள், உள்ளே வந்த பூங்காவனத்தைப் பார்த்துச் சிரித்தாள். வாயெல்லாம் ஈறாக, காலை உதைத்துக்கொண்டு. அவன் அப்படியே உறைந்து நின்றான். எடுக்கவில்லை, கிட்டேயும் போகவில்லை. என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். எனக்கு ஒரு கணம் அந்தக் குழந்தை மேலேயே கோபம் வந்தது. அவளுக்கு என்ன தெரியும்? அவளுக்கு அவன் ஒரு மனுஷன், தினமும் வந்துபோகிற ஒரு முகம். அவள் வாழப்போகிற ஊரில் அவனும் இருப்பான். நான் என்ன செய்வேன் கஜா, அவள் சிரிப்பை யார் பக்கம் திருப்புவது என்று நானா முடிவு பண்ண முடியும்?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இவளிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்கிற வயசு வந்து, என் அம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்டால், எல்லாவற்றையும் சொல்வேன். உடைத்தவன் பேரையும் சொல்வேன், துடுப்புப் போட்டவன் பேரையும் சொல்வேன். இரண்டும் ஒரே பேர் என்றும் சொல்வேன். யார் பாலில் வளர்ந்தாள் என்றும் சொல்வேன். மன்னிப்பதும் மாட்டேன் என்பதும் அவள் பாடு. அதுவரை நான் சாக மாட்டேன். என்ன வந்தாலும் சாக மாட்டேன்.

முழித்துக்கொண்டு அழுகிறாள். இப்போதெல்லாம் நல்ல சத்தமாக அழுகிறாள், தெருமுனைவரை கேட்கிறது. "எடுத்துக்கினு வாக்கா, பாலு கட்டிக்கினு வலிக்குது" என்று அலமேலு உள்ளிருந்து கூப்பிடுகிறாள். நான் போக வேண்டும்.

உன் உடன்பிறந்தவள்,
உன் மகளுக்கு அத்தையும் இனி ஆத்தாளுமான
கஸ்தூரி